ராசிபலனுக்குப் பக்கத்தில்

ஈப்போ,
19-1-1983

அன்புத் தங்கை வீரம்மாவுக்கு,

அண்ணன் உடையப்பன் எழுதுவது. இடது விலாவில் இரண்டு எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். சிரித்தால் வலிக்கிறது, தும்மினால் உயிர் போகிறது. மற்றபடி சாப்பாடும் தூக்கமும் உண்டு. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குக் கரும்பு கொண்டு வந்தவனைத் தோட்டத்து வாசலில் போட்டு நாலு பேர் மிதித்தார்கள். எதற்கு? ரப்பர் பால் வற்றிய கித்தா மரங்களைச் சாய்த்துக் கொளுத்தி எண்ணெய்க்குச் செம்பனை நடுகிறார்களே, அந்தப் புகையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதற்கு. காண்டிராக்டர் சீனி கார் மேல் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தான். "இன்னொரு வாட்டி இந்தப் பக்கம் வந்தே, மரத்தோட சேத்து அடுக்கிக் கொளுத்திருவேன்லா" என்றான். என் கேமராவைக் கல்லில் அடித்து உடைத்தார்கள். கொண்டு வந்த கரும்பாலேயே முதுகில் அடித்தார்கள்.

அதெல்லாம் ஆறிவிடும். சீனிக்குப் பின்னால் உன் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அது ஆறாது. அவன் கொளுத்துகிற கூட்டத்துக்கு மாப்பிள்ளைதான் வேலை ஏவுகிற தண்டல், சம்பளம் அவன் கையில், எல்லாம் தெரியும். ஆனாலும் பெண் கொடுத்த வீட்டுக்காரன் மண்ணில் கிடந்து ரத்தம் துப்பும்போது ஒரு வார்த்தை "விடுங்கடா" என்று வரக் கூடாதா? அவரைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நான் கேட்கவில்லை.

பத்திரிகையில் என் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் நிற்காது. முறிந்தது விலாதான், கை இல்லை.

உன் அண்ணன்,
உடையப்பன்


நெடுங்காட்டுத் தோட்டம்,
சித்தியவான்,
6-2-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வீரம்மா எழுதுவது. விலாவுக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதீர்கள். என் முட்டி பழகிப் போயிற்று. வலியோடுதான் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறேன்.

அவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். பிறகு அவரே கூட்டி அள்ளினார். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ஆனால் ஒன்று செய்கிறார் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் சித்தியவான் போய்ப் பத்திரிகை வாங்கி வந்து, கள்ளுக்கடையில் கூட்டத்தை உட்கார வைத்து உங்கள் பக்கத்தை உரக்கப் படிக்கிறார். ஒரு எழுத்து விடுவதில்லை. பக்கத்து வீட்டு ராமையா அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "மச்சான மிதிக்கறப்ப வாயத் தொறக்கல, இப்ப மச்சான் எழுதினத வாய் நெறையப் படிக்கிறியே தண்டலு" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவர் சிரிக்கவில்லை. "மச்சான் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி படித்தாராம். ராமையாவின் பெண்சாதி செல்லாயி என்னிடம் சொன்னாள்.

இப்போது அவருக்கு இன்னொரு கவலை. சாய்த்த மரங்கள் அடுக்கு அடுக்காகக் காய்ந்து கிடக்கின்றன. மழைக்கு முந்தி நாள் பார்த்துத் தீ வைக்க வேண்டும். எரிந்து முடிகிற நேரத்தில் மழை வந்து கட்டைத் தணலை அணைக்க வேண்டும். நாள் குறிப்பது தண்டல் பொறுப்பு. மழையோ கண்ணிலேயே இல்லை. சீனி தினமும் வந்து கத்துகிறான்.

கரியமிலவாயு என்றால் என்னவென்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார். நானாகக் கேட்பது போல எழுத வேண்டுமாம்.

தங்கை,
வீரம்மா


ஈப்போ,
27-2-1983

அன்புத் தங்கை வீரம்மாவுக்கு,

விலா தேவலை, இப்போது சிரிக்க முடிகிறது. நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். நீயாகக் கேட்டதாகவே வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நாம் மூச்சில் விடுகிறது கரியமிலவாயு. விறகு, எண்ணெய், நிலக்கரி, எது எரிந்தாலும் அது வரும். ஹவாய் தீவில் ஒரு மலை மேல் இருபத்தைந்து வருடமாகக் காற்றைப் பிடித்து அளக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது. அது பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்த்தி வைக்கும். சூடான காற்று கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். அதனால் காய்கிற காலம் இன்னும் காயும், பெய்கிற மழை இன்னும் கொட்டும். இதை நம் சனத்துக்குத் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த எட்டு வருடமாக மல்லுக் கட்டுகிறேன்.

போன ஞாயிறு வந்ததைப் பார்த்திருப்பாய். 'இன்னும் முப்பது நாற்பது வருடத்தில்' என்று நான் எழுதிய வரியை, இடமில்லை என்று ஆசிரியர் ஐயாத்துரை வெட்டிவிட்டார். 'பெருமழை வருகிறது!' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார். போட்ட இடம் எங்கே தெரியுமா? ராசிபலனுக்குப் பக்கத்தில்! யாழ்ப்பாணத்து மனுஷர், வாயில் எப்போதும் பதில் இருக்கும். "உம்மட விஞ்ஞானத்தை ஆர் காணும் வாசிக்கிறது? பலன் பாக்கிற கண் பக்கத்திலயும் கொஞ்சம் மேயட்டும்" என்றார். சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் எனக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு நானும் தலைப்பைப் பார்த்துச் சிரித்துச் சரி என்று விட்டுவிட்டேன். மேஷமோ ரிஷபமோ, படித்தால் போதும்.

மாப்பிள்ளை படிக்கிறார் என்பதற்காக என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதிதான் போயிருக்கிறது.

உன் அண்ணன்,
உடையப்பன்


நெடுங்காட்டுத் தோட்டம்,
16-3-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். என் காலில் கொப்புளம், வேறொன்றும் இல்லை. அவருக்குக் கடுங்காய்ச்சல், பத்து நாளாகப் பாயை விட்டு எழவில்லை.

போன வாரம் சாய்த்த காட்டுக்குத் தீ வைத்தார்கள். மத்தியானம் வரைக்கும் ஒழுங்காக எரிந்தது. அப்புறம் காற்று திரும்பியது. தீ மண்ரோட்டைத் தாண்டி எங்கள் லயத்து வீடுகளின் கடைசி வரிசையில் விழுந்தது. ஓலைச் சாய்ப்பு எல்லாம் பொசுக்கென்று போனது. கோழிகள் எரிந்துகொண்டே ஓடின அண்ணே. ஓடிய இடத்திலெல்லாம் தீ பிடித்தது.

ராமையா அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் எழுந்து மாட்டை அவிழ்க்க ஓடினார். கயிற்றை அறுத்துவிட்டார், மாடு வெளியே வந்துவிட்டது. கொட்டகை அவர் மேல் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றினோம், மண்ணைப் போட்டோம், கிட்டப் போக முடியவில்லை. செல்லாயியை நாலு பெண்கள் பிடித்து வைத்திருந்தோம். என் கையைக் கடித்துவிட்டு ஓடப் பார்த்தாள். சாயங்காலம் அவரைக் கோணியில் எடுத்தார்கள். தட்டில் அவர் பிசைந்து வைத்த சோறு அப்படியே இருந்தது.

தீ வைத்தது யார் என்று கேட்பீர்கள். இவர் காய்ச்சலில் கிடந்தார் என்று சொன்னேனே. சீனி வெளியிலிருந்து வேறு ஆளைக் கொண்டு வந்திருந்தான்.

இதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம் அண்ணே. தங்கை கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

வீரம்மா


ஈப்போ,
21-3-1983

அன்புத் தங்கை வீரம்மாவுக்கு,

உன் காலுக்கு மருந்து வாங்கிப் பார்சலில் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் காய்ச்சல் இறங்கியதா? அவர் அன்றைக்கு அங்கே இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம். அந்தக் காய்ச்சலைக் கும்பிடத் தோன்றுகிறது.

நீ விட்டுவிடச் சொன்னாய். என்னால் முடியாது. ராமையா எனக்கும் தெரிந்த மனுஷன். போன தீபாவளிக்கு என்னைச் சைக்கிளில் வைத்துத் தோட்டம் முழுக்கச் சுற்றியவர். இரண்டு மாதமாகச் சொட்டு மழை இல்லை, புல் கூடக் கருகிக் கிடக்கிறது, இதில் எந்தப் பாவி தீக்குச்சி கிழித்தான்? சீனி கத்தத்தான் செய்வான். கொளுத்தியவனுக்கு மூளை எங்கே போயிற்று?

எழுதிவிட்டேன். வருகிற ஞாயிறு வரும். தலைப்பு 'தீ வைத்த கை'. ஐயாத்துரை ஒரு எழுத்துக்கூட வெட்டவில்லை. கடைசி வரி இது: 'அந்தக் கை இனி ஒரு தீக்குச்சி உரசக் கூடாது; அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள்.' மாப்பிள்ளைக்கு உடம்பு முடிந்தால் இதையும் கள்ளுக்கடையில் உரக்கப் படிக்கச் சொல். அப்படிப் படித்தால் மீதிப் பாதிக் கோபமும் போய்விடும்.

உன் அண்ணன்,
உடையப்பன்


ஈப்போ,
18-4-1983

அன்புத் தங்கை வீரம்மாவுக்கு,

இங்கே ஒரு குறையும் இல்லை. அங்கே என்ன, ஏன் கடிதம் இல்லை? மருந்துப் பார்சல் வந்ததா? 'தீ வைத்த கை'யைப் பாராட்டி வருகிற கடிதங்களை வைக்க மேசையில் இடமில்லை. பாரிட் புந்தாரிலிருந்து ஒருவர், படிக்கும்போது உடம்பு பதறியது என்று எழுதியிருக்கிறார். உன் ஒரு வரியைத்தான் காணோம். சொல்லச் சொல்லக் கேட்காமல் எழுதிவிட்டான் என்று கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது.

உடையப்பன்


ஈப்போ,
9-5-1983

வீரம்மா,

உடம்புக்கு ஏதாவதா? உனக்கா, அவருக்கா? ஆள் அனுப்பினேன், சீனியின் ஆட்கள் வாசலிலேயே அடித்துத் திருப்பிவிட்டார்கள். அவன் முன்பல் போய்விட்டது. நாளைக்கு நானே வரலாம் என்றால் வேண்டாம் என்கிறார்கள் இங்கே எல்லாரும். இந்த வாரம் பதில் வராவிட்டால் விலா போனாலும் தலை போனாலும் வருவேன்.

அண்ணன்


அரசாங்க ஆஸ்பத்திரி,
20-5-1983

அண்ணனுக்கு,

இங்கே படுத்திருப்பது அவர். நான் பக்கத்தில் தரையில் இருக்கிறேன். எனக்கு இரண்டு பல் போயிற்று, உதட்டில் தையல். பேச வரவில்லை, எழுத வருகிறது.

காய்ச்சல் என்று எழுதினேனே, அது பொய். தீ வைத்தது இவர்தான்.

அன்று காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் இவர் முடியாது என்றுதான் சொன்னார். ரொம்பக் காய்ந்து கிடக்கிறது, மழை வாசனை இல்லை என்றார். சீனி எல்லார் முன்னாலும் செருப்பைக் கழற்றி இவர் நெஞ்சில் அடித்தான். அப்போதும் முடியாது என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து உங்கள் பக்கத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். 'பெருமழை வருகிறது!' "மச்சான் எழுதியிருக்காரு. இன்னிக்கு வச்சா நாளைக்கு மழ அணைச்சிரும், வாங்கடா" என்று அவரே முதல் தீக்குச்சியைக் கிழித்தார். உங்கள் கடிதத்தில் முப்பது வருடம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைப் படித்தேன். அவரிடம் கரியமிலவாயுவை மட்டும் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. மழை பற்றிய பேச்சு இவ்வளவு பெரிதாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களிடம் மறைத்ததும் கடிதங்களுக்குப் பதில் போடாததும் எதற்கென்றால், தெரிந்தால் நீங்கள் எழுதுவதையே விட்டுவிடுவீர்கள். இவரும் உங்களுக்குத் தெரியக் கூடாது என்று என் தலையில் சத்தியம் வாங்கினார். இவர்தான் வைத்தார் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சீனிமேல்தான் ஆத்திரப்பட்டார்கள். உங்கள் 'தீ வைத்த கை' வரும் வரைக்கும்.

அந்த ஞாயிறு இவர் பத்திரிகை வாங்கப் போகவில்லை. கள்ளுக்கடையில் உட்கார்ந்து கேட்கிற பழக்கத்தை இவர்தானே உண்டாக்கினார்? வேறு யாரோ படித்தார்கள். செல்லாயியின் தம்பி பிச்சைமுத்து, கருமாதிக்கு லகாட்டிலிருந்து வந்து தங்கியவன், கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கடைசி வரியைச் சொல்லிச் சொல்லியே ஆள் சேர்த்தான். போன வாரம் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கதவை உதைத்து உடைத்து இவரை முடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். வாசலில் கிடந்த கித்தாக் கட்டையில் வலது கையை வைத்து ஒருத்தன் மிதித்துக்கொண்டான். நான் பிச்சைமுத்துவின் தோளைக் கடித்தேன், கட்டையால் என் வாயில் அடித்தார்கள். "இந்தக் கை இனி தீக்குச்சி ஒரசக் கூடாதுன்னு உங்கண்ணனே எழுதியிருக்காருலா!" என்று சொல்லிக்கொண்டே பாராங் கத்தியை இறக்கினான். ஒரே வெட்டில் போகவில்லை அண்ணே. இரண்டாவது வெட்டிலும் போகவில்லை.

இவர் திமிறவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

போலீஸ் வந்து கேட்டது. கத்தி நழுவிவிட்டது என்று இவர் சொன்னார். யாரும் நம்பவில்லை, ஆனால் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

வீரம்மா


ஈப்போ,
8-6-1983

வீரம்மாவுக்கு,

உன் உதட்டுத் தையல் பிரித்தார்களா? அவருக்குப் புண் சீழ் பிடிக்காமல் இருக்கிறதா? வேறு எதைக் கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை.

உன் கடிதம் கண்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றேனே, நீ முகத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரிதான், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அந்தத் துணிக்கட்டு மணிக்கட்டோடு முடிந்துபோவதைப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் ஐயாத்துரையின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். மூக்குக் கண்ணாடி உடைந்து அவர் நெற்றியில் ரத்தம் வந்தது. "அடியும் காணும், நல்லா அடியும். ஆனா தலைப்பைப் பாத்துச் சிரிச்சது நீரும்தானே?" என்றார். கையை எடுத்துவிட்டேன். உண்மைதானே? 'தீ வைத்த கை'யில் அவர் ஒன்றையும் வெட்டவில்லை, எல்லாம் நான் எழுதியது. ராமையாவைக் கொன்றதும் என் பக்கம், மாப்பிள்ளை கையை வெட்டியதும் என் பக்கம். வேலையை விட்டுவிட்டேன். இனி வானத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன்.

உடையப்பன்


நெடுங்காட்டுத் தோட்டம்,
3-7-1983

அண்ணனுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவருக்குச் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். நான் மரம் வெட்டுவதால் தோட்டத்து வீடு இருக்கிறது. இவர் உங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான், நல்லாருக்கீங்களா? புண்ணு ஆறிருச்சு. இல்லாத வெரலு அரிக்குது, சொறிய முடியல, அதான் பெரிய ரோதனை. வாசல்ல ஒங்கள மிதிக்கறப்ப நின்னேன்ல, அது பயம். சீனிக்குப் பயந்துட்டேன். அதச் சொல்ல இத்தன மாசம் ஆச்சு.

"நீங்க எழுதறத நிறுத்திட்டீங்களாம்ல? கேட்டதும் ஆத்திரமா வந்துச்சு. என் கை போயிருச்சு, நீங்க ஒங்க கைய மடக்கி வச்சிக்கிட்டு அழுவீங்களா? நேர்ல இருந்தா இருக்கிற கையால ஒன்னு விட்டிருப்பேன். சீனி ஒரு சின்னப் பயல தண்டலாப் போட்டிருக்கான். அடுத்த காட்ட இந்த வெயில்லயே கொளுத்தணுமாம். இந்தக் காடும் லயத்த ஒட்டித்தான் இருக்கு. பயலுக்கு என்ன தெரியும், கொளுத்துவான்.

"ஒங்க எழுத்தப் பத்தி ஒன்னு. பக்கத்துல பலன் எழுதறவனும் அடிச்சுச் சொல்றான், நீங்களும் அடிச்சுச் சொல்றீங்க. நான் எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? நாளைக்கு மழ வருமான்னு ஒங்களுக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு போடுங்க. மொத வரியிலயே போடுங்க. அவ்வளவுதான். நான் போறேன், கை அரிக்குது."

அவர் சொன்னது இவ்வளவு. எனக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. ஆனாலும் எழுதுங்கள்.

வீரம்மா


ஈப்போ,
1-8-1983

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

எனக்குத் தூக்கம்தான் இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. அரிக்கிற கைக்கு ஏதாவது வழி உண்டா என்று இங்கே ஒரு டாக்டரைக் கேட்டேன். இருக்கிற கையைச் சொறிந்தால் சில பேருக்கு அடங்குமாம். செய்து பாருங்கள் மாப்பிள்ளை.

திரும்பப் போய் வேலை கேட்டேன். ஐயாத்துரையின் நெற்றியில் தழும்பு இருக்கிறது. நாற்காலியைக் காட்டினார். முதல் வரியைக் கொடுத்தேன். 'இது பலன் அல்ல. இந்த வாரம் மழை வருமா, வராதா என்று எனக்குத் தெரியாது.' படித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டார். "தெரியாது எண்டு சொல்லுறவனை ஆர் காணும் காசு குடுத்து வாசிப்பான்?" என்றார். "போடாவிட்டால் இன்னொரு கண்ணாடி உடையும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவருக்கும் அது தெரிந்தது. ராசிபலனைத் தூக்கி வேறு பக்கத்தில் போட்டார். முப்பது நாற்பது வருடத்தில் சூடு ஏறும், அது அளந்து கண்டது. நாளைய மழையை யாரும் அளக்க முடியாது. காய்ந்த காட்டில் என்னை நம்பித் தீ வைக்காதீர்கள். இவ்வளவுதான் எழுதினேன். பெயர் யாருடையதும் இல்லை, என்னுடையதைத் தவிர. பெருமழை என்று எழுதியவன் நான்தான் என்றும், தீ வைத்தது என் கை என்றும் போட்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு வரும்.

உடையப்பன்


நெடுங்காட்டுத் தோட்டம்,
28-8-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு பேரும் இருக்கிறோம். இருக்கிற கையைச் சொறிந்தால் அடங்கத்தான் செய்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். கொஞ்ச நேரமாவது தூங்குங்கள்.

உங்கள் பக்கம் வந்த ஞாயிறு இவர் கள்ளுக்கடைக்குப் போனார். யாரும் இடம் கொடுக்கவில்லை, நின்றுகொண்டே இடது கையில் பிடித்துப் படித்தார். பிச்சைமுத்துவும் அங்கே இருந்தான். மறுநாள் பெரட்டில் சீனி கொளுத்தச் சொன்னபோது, அந்தப் புதுத் தண்டல் பையன், "மழ வருமான்னு யாருக்கும் தெரியாதாம் தவுக்கே. பேஞ்சு நனைஞ்ச பெறவு பாப்போம்" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொன்னான். சீனி பெல்ட்டைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தான். காது கிழிந்து ரத்தம் ஒழுகியது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கும்போது பிச்சைமுத்துதான் முதலில் பாய்ந்தான். அப்புறம் யார் அடித்தது, யார் அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. காரைக் கவிழ்த்துக் கால்வாயில் தள்ளினார்கள். சீனியை வாசல் காவலுக்கு நிற்கிற ஜாகாக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். காடு இன்னும் கொளுத்தாமல் கிடக்கிறது.

நேற்றுச் செல்லாயி தண்ணீர்க் குழாய்க்கு வந்தாள். தீக்குப் பிறகு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவள், வாளியை வைத்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன்.

"தெரியாதுன்னு எழுதியிருக்காராமே ஒங்கண்ணன்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அத அன்னிக்கே எழுதியிருந்தா எம்புருஷன் அந்தச் சோத்த முடிச்சிருப்பாரு" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன் அண்ணே. அடுத்த ஞாயிறும் எழுதுங்கள்.

தங்கை,
வீரம்மா